நீ யார் என்று கேட்காத தொல்லியல்

2025 மார்ச் 15, சனிக்கிழமை காலை 8 மணியிலிருந்து 8.05 வரை இலங்கை முழுக்கக் குரங்கு எண்ணியது. பயிரை அழிக்கும் விலங்குகள் எத்தனை இருக்கின்றன என்று அறிய, ஆளாளுக்குத் தங்கள் வளவில் தெரிகிற குரங்கு, மந்தி, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணிப் படிவத்தில் எழுதச் சொன்னது அரசாங்கம். எங்கள் ஊர்களில் சிலர் உண்மையாகவே பேப்பரும் பேனையுமாக வாசலில் நின்றார்கள். சிலர் சிரித்துப்போட்டுத் தேத்தண்ணி குடித்தார்கள். வட்சப் குழுமங்களில் வந்த பகிடிகளுக்குக் கணக்கே இல்லை. "எங்கட வகுப்பில மட்டும் பதினேழு, அனுப்பவா?" என்று ஒருவன் கேட்டிருந்தான்.

எங்களுக்கு அந்தப் பட்டியலைப் பார்த்ததும் வேறொரு பட்டியல் ஞாபகம் வந்தது. கலைப்பீடத்தில் படிக்கும் நாங்கள் நாலு பேர், அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஒரு ஆய்வுக் கட்டுரையைக் கைபேசியில் இறக்கி, அகராதியை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, ஒரு கிழமையாக முட்டிமோதி வாசித்து முடித்திருந்தோம். அதிலும் குரங்கு, மந்தி, மர அணில்தான். மயில் மட்டும் இல்லை. எண்ணியவர்கள் ஆய்வாளர்கள், எண்ணப்பட்டவை எலும்புகள். அந்த விலங்குகளைப் பிடித்துச் சுட்டுத் தின்ற மனிதர்கள் இந்தத் தீவில் ஏறக்குறைய 45,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள்.

அந்த எலும்புகள் எங்களுக்கு என்ன சொல்லித் தந்தன என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். குகை இருப்பது களுத்துறை மாவட்டத்தில், நாங்கள் இருப்பது மட்டக்களப்பு வாவிக்கரையில். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், வருகிறோம்.

ஒரு குகை, ஏறக்குறைய 15,000 எலும்புத் துண்டுகள்

களுத்துறை மாவட்டத்தில் புலத்சிங்களவுக்குப் பக்கத்தில் பாஹியங்கல என்றொரு பெரிய குகை இருக்கிறது. சீனத் துறவி பாகியான் அங்கே தங்கினார் என்று சொல்லப்படும் கதையால் அந்தப் பெயர். 1960களின் கடைசியிலிருந்து அங்கே அகழ்வுகள் நடந்திருக்கின்றன. தென்னாசியாவில் கிடைத்த மிகப் பழைய நவீன மனித எலும்புகளில் சில அங்கிருந்து வந்தவை. அதன் மண் அடுக்குகள் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, இடையிடையே விட்டுவிட்டு, சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை வருகின்றன.

ஓஷான் வெடகே, நோயல் அமானோ, பற்றிக் றொபேர்ட்ஸ் உள்ளிட்ட குழுவினர் அந்தக் குகையிலிருந்து எடுத்த ஏறக்குறைய 15,000 எலும்புத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, 2019 பெப்ரவரியில் 'நேச்சர் கொம்யூனிகேஷன்ஸ்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். அடையாளம் காண முடிந்தவற்றில் பெரும்பங்கு செங்குரங்கு, சாம்பல் மந்தி, ஊதாமுக மந்தி, பெரிய மர அணில் போன்ற மரத்தில் வாழும் விலங்குகளுடையவை. மான், மரை, பன்றி இவற்றின் எலும்புகள் மிகக் குறைவு.

இதில் என்ன அதிசயம்? யோசித்துப் பாருங்கள். மரையை ஒன்று அடித்தால் ஒரு கூட்டமே பல நாள் சாப்பிடலாம். ஒரு மந்தியில் எவ்வளவு இறைச்சி கிடைக்கும்? அதுவும் அது இருப்பது மழைக்காட்டின் உச்சாணிக் கொப்பில். உங்கள் காலடிச் சத்தம் கேட்டாலே அடுத்த மரத்துக்குப் பாய்ந்துவிடும். தோட்டத்துக்குள் வந்த குரங்கைக் கல்லெறிந்து விரட்டவே நாங்கள் படும் பாடு எங்களுக்குத் தெரியும். அதைக் கொப்பிலிருந்து கீழே விழுத்துவது எப்படி?

விடை அதே குகையில் இருந்தது. மிஷேல் லாங்லி தலைமையில் 2020 ஜூனில் 'சயன்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்த இன்னொரு ஆய்வு, அங்கே கிடைத்த 130 எலும்பு முனைகளைப் பற்றிப் பேசுகிறது. சின்னச் சின்ன, கூர்மையான முனைகள். அவற்றில் இருந்த முறிவுகள், வேகமாகப் போய் மோதியதால் வந்தவை. கையால் எறியும் ஈட்டிக்கு அவை மிகச் சிறியவை. ஆகவே அம்புமுனைகள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லும் அம்பும் பாவிக்கப்பட்டதற்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்று அது. அந்த முனைகளில் பெரும்பாலானவை செய்யப்பட்டது எதிலிருந்து தெரியுமா? குரங்கின் எலும்பிலிருந்து. குரங்கைத் தின்று, அதன் எலும்பைத் தீட்டி, அடுத்த குரங்குக்கு அம்பு செய்திருக்கிறார்கள்.

எலும்பை எப்படி வாசிப்பது?

நாங்கள் கலைப்பீடத்து ஆக்கள். விலங்கியல் ஆய்வுகூடத்துக்குள் கால் வைத்ததில்லை. ஒரு எலும்புத் துண்டை வைத்து இவ்வளவு கதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதைப் படிப்படியாகத்தான் விளங்கிக்கொண்டோம்.

முதல் கேள்வி: இதைக் கொண்டுவந்து போட்டது மனிதர்தானா? குகைக்குள் ஆந்தை வந்து எலியைத் தின்று கக்கியிருக்கலாம். சிறுத்தை இரையை இழுத்து வந்திருக்கலாம். முள்ளம்பன்றி எலும்பைக் கொறித்திருக்கலாம். ஒவ்வொன்றும் எலும்பில் தன் அடையாளத்தை விட்டுப்போகும். கொறித்தால் இணையான பல் கீறல்கள். விழுங்கிக் கக்கினால் வயிற்று அமிலம் அரித்த மேற்பரப்பு. மனிதர் கல் கத்தியால் வெட்டினால் மெல்லிய நேர்க் கோடுகள், அதுவும் மூட்டுப் பக்கத்தில், தசையைப் பிரிக்கும் இடத்தில். நெருப்பில் பட்ட எலும்பு முதலில் மண்ணிறமாகும், பிறகு கறுக்கும், சூடு இன்னும் ஏறினால் சாம்பலாகி வெளுக்கும். பச்சை எலும்பை மச்சைக்காக உடைத்தால் முறிவு சுருண்டு வளைந்து போகும். காய்ந்த எலும்பு உடைந்தால் முறிவு நேராக இருக்கும். பாஹியங்கல எலும்புகளில் வெட்டுத் தடயமும் எரிந்த தடயமும் இருந்தன. தின்றது மனிதர்கள்தான்.

இரண்டாவது கேள்வி: எத்தனை விலங்கு? ஆயிரம் துண்டு கிடைத்தால் ஆயிரம் குரங்கு என்று அர்த்தமில்லை. ஒரே காலெலும்பு பத்துத் துண்டாக உடைந்திருக்கும். ஆகவே துண்டுகளின் எண்ணிக்கையோடு இன்னொரு கணக்கும் போடுவார்கள். ஒரு விலங்குக்கு இடது தொடையெலும்பு ஒன்றுதான். ஐந்து இடது தொடையெலும்பு கிடைத்தால், ஆகக் குறைந்தது ஐந்து விலங்கு.

மூன்றாவது கேள்வி: என்ன வயது? குட்டி விலங்கின் நீண்ட எலும்புகளின் நுனிகள் தண்டோடு இன்னும் ஒட்டியிராது, வளர்ந்தபின்தான் ஒட்டும். பல் முளைத்த வரிசையும் வயதைச் சொல்லும். அந்தக் குகையில் கிடைத்தவை பெரும்பாலும் வளர்ந்த விலங்குகள். பிடிக்கச் சுலபமான குட்டிகளை விட்டுவிட்டு, நன்றாக வளர்ந்ததைக் குறிவைத்திருக்கிறார்கள். பல்லாயிரம் ஆண்டு இடைவெளியுள்ள அடுக்குகளிலும் அதே விலங்குகளே திரும்பத் திரும்ப வருகின்றன. வேட்டை நடந்தது, ஆனால் விலங்கு முடிந்துபோகவில்லை. அதனால்தான் 2025இலும் எண்ணுவதற்கு மிச்சம் இருக்கிறது.

இதையெல்லாம் வாசித்துவிட்டு எங்களால் சும்மா இருக்க முடியவில்லை. எங்களில் ஒருத்தியின் வீடு படுவான்கரையில், வாவியைப் பார்த்தபடி இருக்கிறது. அந்த வீட்டுக் குசினிக் குப்பையை ஒரு கிழமை தனியே ஒரு வாளியில் சேர்த்தோம். என்ன சமைத்தது என்று ஒரு கொப்பியில் தனியே எழுதி வைத்தோம். கிழமை முடிய வாளியைக் கவிழ்த்து, கழுவி, பழைய பேப்பரில் பரப்பினோம். "படிச்சிப் படிச்சிக் கடைசியா குப்பையக் கிளறத்தானா புள்ளையள் வந்து நிக்கிறீங்க?" என்று கேட்டார் அந்த வீட்டு அம்மா. கேட்டுவிட்டு அவரும் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

மட்டி ஓடுகள் அப்படியே இருந்தன. கோழி எலும்புகள் இருந்தன. நண்டுக் கால்கள் நொறுங்கியும் நொறுங்காமலும் கிடந்தன. ஒரு பெரிய மீனின் முள்ளந்தண்டு இருந்தது. ஆனால் கொப்பியில் மூன்று நாள் எழுதியிருந்த நெத்தலி? ஒரு முள்கூட இல்லை, முழுசாய்த் தின்றாயிற்று. இறால் கோது பாதி உக்கி, பாதியை எறும்பு கொண்டுபோய்விட்டது. தலைக்கறி சமைத்த நாளின் எலும்புகளை வீட்டு நாய் எப்படியோ வாளியிலிருந்து களவெடுத்திருந்தது. ஏழு நாளும் மூன்று வேளையும் சாப்பிட்ட சோறு, பருப்பு, கீரை, பிட்டு எதற்கும் அடையாளமே இல்லை. அந்த வாளியை மட்டும் பார்த்தால், இந்த வீட்டுக்காரர் கோழியும் மட்டியும் மட்டுமே தின்று உயிர் வாழ்ந்தார்கள் என்றுதான் எழுத வேண்டி வரும்.

ஒரு கிழமைக்கே இப்படி என்றால் 45,000 வருடத்துக்கு எப்படி இருக்கும்? கிழங்கு, கீரை, தேன், பழம் எதுவும் எலும்பாகாது. அதனால்தான் நல்ல ஆய்வாளர்கள் எலும்போடு நிற்பதில்லை. மண்ணை மெல்லிய கண்ணுள்ள அரிதட்டில் அரிக்கிறார்கள், நத்தை ஓட்டையும் எரிந்த கொட்டையையும் பொறுக்குகிறார்கள். குருவிட்டவுக்குப் பக்கத்திலுள்ள பட்டதொம்பலென குகையிலும் கித்துல்கல பெலிலென குகையிலும் காட்டு வாழை, கெக்குணக் கொட்டை, காட்டுப் பலா ஆகியவற்றின் எச்சங்களும் மர நத்தை ஓடுகளும் கிடைத்தது அப்படித்தான். வேட்டையாடிகள் என்று நாங்கள் சொல்கிற ஆக்கள் பொறுக்கித் தின்றதும் நிறைய. பொறுக்கியது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். எலும்பு அதைச் சொல்லாது. அது நாங்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம்.

'பச்சைப் பாலைவனம்'

இந்த எலும்புகள் ஏன் உலகம் முழுக்கப் பேசப்பட்டன என்பதற்கு ஒரு பின்கதை இருக்கிறது. ஆதி மனிதன் என்றதும் பாடப்புத்தகம் எங்களுக்குக் காட்டிய படம் எது? பனி, மயிர் அடர்ந்த பெரிய யானை, அதைச் சுற்றி ஈட்டியோடு ஆண்கள். அது ஐரோப்பாவின் படம். மழைக்காடு அந்தப் படத்தில் இல்லை. ஏனென்றால் மழைக்காட்டில் மனிதன் விவசாயிகளின் துணையில்லாமல் தனியே பிழைக்க முடியாது என்று 1980களின் கடைசியில்கூட மானிடவியலாளர் சிலர் வாதிட்டார்கள். பார்க்கப் பச்சையாக இருக்கும், ஆனால் மாப்பொருளும் கொழுப்பும் குறைவு, விலங்குகள் சிறியவை, எட்டாத உயரத்தில் இருப்பவை. சுருக்கமாகச் சொன்னால் ஒரு பச்சைப் பாலைவனம்.

2015இல் றொபேர்ட்ஸ் குழுவினர் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. இலங்கையின் தொல்லிடங்களில் கிடைத்த 26 மனிதரின் பல் மிளிரியை எடுத்தார்கள். அடர்ந்த காட்டின் நிழலில் வளரும் தாவரத்திலும் திறந்த வெளிப் புல்லிலும் காபன் அணுக்களின் விகிதம் வேறு வேறு. தாவரத்தைத் தின்ற விலங்குக்கும் அந்த விலங்கைத் தின்ற மனிதருக்கும் அந்த விகிதம் கடந்துபோய்ப் பல்லில் பதிந்துவிடும். பற்கள் சொன்னது இதுதான்: கடந்த 20,000 ஆண்டு காலத்தில் வாழ்ந்த அந்த மனிதரில் ஏறக்குறைய எல்லோரும் காட்டையும் காட்டு ஓரத்தையும் நம்பி வாழ்ந்தவர்கள். வேறு வழியில்லாமல் ஒருநாள் காட்டுக்குள் ஒதுங்கியவர்கள் அல்ல. காடு அவர்களின் வீடு.

வீடு என்றாலும் அடைபட்ட வீடு அல்ல. பாஹியங்கலவிலும் பட்டதொம்பலெனவிலும் கடல் சிப்பியால் செய்த மணிகள் கிடைத்திருக்கின்றன. பட்டதொம்பலென கடலிலிருந்து இன்றைக்கும் வெகுதூரம் உள்ளே இருக்கிறது. யாரோ கரையில் பொறுக்கி, யாரோ துளைபோட்டு, யாரோ யாருக்கோ கொடுத்து அது குகைக்கு வந்திருக்கிறது. குரங்கு வேட்டையாடியவர்களின் கழுத்தில் கடல் இருந்தது. எங்களுக்கு அந்தக் கட்டுரைகளில் மிகவும் பிடித்த விசயம் அதுதான்.

'அசல்' வேடரைத் தேடியவர்கள்

இப்போது எங்கள் பக்கத்துக்கு வருகிறோம்.

இலங்கையில் கற்கால மனிதரின் தடயம் தேடி முறையாகக் குகை தோண்டிய முதல் ஆக்களில் போல் சரசின், ஃபிரிட்ஸ் சரசின் என்ற சுவிற்சர்லாந்து ஆய்வாளர் இருவர் இருக்கிறார்கள். 1907இல் அவர்கள் தோண்டிய குகைகளில் ஒன்று நில்கலவில் இருக்கிறது. பட்டிப்பளை ஆற்றின் மேற்பகுதிக் காடு அது. அந்த ஆற்றைத்தான் இன்று எல்லோரும் கல்லோயா என்கிறார்கள். அங்கே படிகக் கல் கருவிகளும் எலும்புகளும் எடுத்தார்கள். அவர்களின் தேடல் தெளிவாக இருந்தது: இன்றைய வேடர்களின் கற்கால மூதாதையரைக் கண்டுபிடிப்பது. அதே காலத்தில்தான் செலிக்மன் தம்பதியர் வேடர்களிடம் களஆய்வு செய்து, 1911இல் பெரிய நூலாக வெளியிட்டார்கள். தமிழ் பேசிக் கடலையும் களப்பையும் நம்பி வாழ்ந்த கிழக்கின் கரையோர வேடரைப் பற்றியும் அதில் எழுதினார்கள்.

அந்தக் காலத்து ஆய்வாளர் பலருக்கும் ஒரு சொல்லில் மோகம் இருந்தது: 'அசல்'. காட்டில் வேட்டையாடினால் அசல் வேடர். மீன் பிடித்தால், தமிழ் பேசினால், கோயிலுக்குப் போனால் கலந்துபோனவர், கெட்டுப்போனவர். வாகரைப் பக்கத்தில் குஞ்சங்குளம், பால்சேனை, மதுரங்கேணி போன்ற ஊர்களில் இன்றும் வாழும் கரையோர வேடரை இந்த அளவுகோல் அரைவாசி ஆக்கிவிட்டது. தமிழர் கணக்கிலும் முழுசாய் இல்லை, வேடர் கணக்கிலும் முழுசாய் இல்லை.

எங்கள் நாலு பேரில் ஒருத்தியின் அம்மம்மா அந்தப் பக்கத்தவர். பள்ளிக்கூடத்தில் 'வேடச்சி' என்பது வசவாகத்தான் அவள் காதில் விழுந்தது. அதனால் ஊர்ப்பெயரைக் கேட்டால் பக்கத்து ரவுணின் பெயரைச் சொல்லிப் பழகியிருந்தாள். குரங்கு எலும்புக் கட்டுரையை வாசித்து முடித்த அன்று நாங்கள் உற்சாகத்தில் "உங்கட ஆக்கள்தானே இது!" என்றோம். அவள் உடனே சொன்னாள்: "அந்தக் கதை வேணாம். எங்கட அம்மம்மா குகைக்குள்ள இருந்து வரல்ல. அவ ரேடியோவுல வைத்தியர் நிகழ்ச்சி கேட்பா. மட்டி எடுப்பா. எங்கள ஆதிமனிசர் எண்டு சொல்றதும் காட்டான் எண்டு சொல்றதும் ஒண்டுதான்."

அவள் சொன்னதை நாங்கள் பல நாள் பேசினோம். அதில் இரண்டு விசயம் இருக்கிறது. உயிரோடு இருக்கும் ஒருவரைக் கற்காலத்தின் மிச்சமாகப் பார்ப்பது, அவர் வாழ்ந்த வரலாற்றை எல்லாம் அழித்துவிடுவது. எங்கள் பாட்டனும் பூட்டியும் நூறு வருடத்தில் எவ்வளவோ மாறலாம், வேடர் மட்டும் நாற்பதாயிரம் வருடமாக மாறாமல் இருக்க வேண்டுமாம். இது என்ன நியாயம்?

இன்னொரு விசயத்தை அவளே பிறகு கட்டுரையைத் திரும்ப வாசித்துவிட்டுச் சொன்னாள். அந்த எலும்புகளே 'அசல்' என்ற கதைக்கு எதிராகத்தான் பேசுகின்றன. ஆய்வாளர்கள் அந்தக் கட்டுரையில் வியந்தது அந்த மனிதரின் தூய்மையைப் பார்த்து அல்ல, வளைந்து கொடுக்கும் திறனைப் பார்த்து. பெரிய விலங்கு இல்லாத இடத்தில் சிறியதைப் பிடித்தார்கள், அதற்கேற்ற கருவி செய்தார்கள், தூரத்துக் கடற்கரையோடு கொடுக்கல் வாங்கல் வைத்தார்கள். இடம் மாறினால் உணவும் கருவியும் மாறும், அதுதான் மனிதர் பிழைத்த வழி. அப்படியென்றால் காட்டை இழந்து வாவிக்கு வந்து, வீச்சுவலை எறியக் கற்று, பக்கத்து ஊரின் மொழியைத் தன் மொழியாக்கிக்கொண்ட ஒரு சமூகம் எதையும் கெடுத்துக்கொள்ளவில்லை. பாஹியங்கல ஆக்கள் செய்ததையே செய்திருக்கிறது.

காட்டை இழந்தது தானாக நடந்ததும் அல்ல. பட்டிப்பளை ஆற்றை மறித்துச் சேனாநாயக்க சமுத்திரம் கட்டப்பட்டபோது வேடர்கள் வாழ்ந்த நிலமும் அதற்குள் போனது. 1983 நவம்பரில் மாதுறு ஓயா தேசிய பூங்கா அறிவிக்கப்பட்டபோது, உள்ளே இருந்த வேடக் குடும்பங்கள் வெளியே குடியேற்றப்பட்டன. வேட்டை சட்டப்படி குற்றமானது. காட்டு விலங்கைக் காப்பது வேண்டும்தான், அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் குட்டியை விட்டு வளர்ந்ததை எடுக்கும் வேட்டை பல்லாயிரம் ஆண்டு நடந்தும் காடு காடாகவே இருந்தது என்பதற்கு எலும்பில் சாட்சி இருக்கிறது. காட்டை வெட்டி அணையும் கரும்புத் தோட்டமும் செய்தது அம்பு வைத்திருந்தவர்கள் அல்ல.

தொல்பொருள் என்ற சொல்

கிழக்கில் வளர்ந்த எங்களுக்குத் 'தொல்பொருள்' என்ற சொல் காதில் விழுந்தால் முதலில் வருவது ஆர்வம் அல்ல, பயம். ஒரு மலையிலோ வயல் நடுவிலோ ஒரு பலகை முளைக்கும். பிறகு அங்கே மாடு மேய்க்க முடியாது, சேனை வெட்ட முடியாது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமைகளை முகாமை செய்யவென ஜனாதிபதி செயலணி ஒன்று நியமிக்கப்பட்டது. தலைவர் பாதுகாப்புச் செயலாளர். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தச் செயலணியில் முதலில் நியமிக்கப்பட்டவர்களில் ஒரு தமிழர் இல்லை, ஒரு முஸ்லிம் இல்லை. அப்படியொரு தொல்லியல் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இது யாருடைய இடம்? அதற்கு எங்கள் பக்கத்திலிருந்து போகும் பதிலும் பெரும்பாலும் அதே அச்சில்தான் வார்க்கப்படுகிறது. நாங்கள்தான் முதலில், நீங்கள் பிறகு.

எலும்பும் ஓடும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. அம்பு எய்தவன் என்ன மொழி பேசினான் என்று மந்தியின் தொடையெலும்பில் எழுதியிருக்காது. இன்றைய எந்த இனத்தின் பெயரும் அப்போது இல்லை. அது கேட்கிற கேள்வி வேறு: என்ன சாப்பிட்டாய்? எப்படிப் பிடித்தாய்? எதை விட்டுவைத்தாய்? யாரோடு பகிர்ந்தாய்? இந்தக் கேள்விகளைக் கேட்க ஒரு நிலத்துக்கு வேலி போடத் தேவையில்லை. ஆனால் கேட்கத் தெரிந்த எங்கள் பிள்ளைகள் வேண்டும். பயத்தால் நாங்கள் இந்தத் துறையை விட்டு ஒதுங்கினால், முதலாவது கேள்வியை மட்டும் கேட்பவர்கள்தான் அதில் மிஞ்சுவார்கள். எங்களுக்கு இதில் பட்டது அதுதான்.

எங்கள் வாவி அந்தக் குகை மனிதரைவிட இளையது. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் கீழே இருந்தது. கடல் ஏறி, மணல் திட்டு மறித்து, ஆறுகள் வந்து தேங்கித்தான் இந்தக் கரையோர வாவிகள் உண்டாயின. உண்டானதும் மனிதர் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். தெற்கே ஹம்பாந்தோட்டை மாவட்டத்தில் பல்லெமலல, மினிஅத்திலிய போன்ற இடங்களில் களப்போரம் வாழ்ந்த வேட்டையாடிகள் தின்று குவித்த சிப்பி மேடுகள் கிடைத்திருக்கின்றன. ஓடுகளோடு விலங்கு எலும்புகளும், இறந்தவர்களைப் புதைத்த எலும்புக்கூடுகளும் அங்கே இருந்தன. உணவு தேடியவர்கள் குப்பை போட்ட இடத்திலேயே தங்கள் ஆக்களையும் அடக்கம் செய்திருக்கிறார்கள். ஓட்டிலுள்ள சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தைக் குறைத்ததால் அந்த எலும்புகள் தப்பின. எங்கள் கரையில் சிப்பி அள்ளுகிறவர்களும் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுகிறவர்களும் தடித்த ஓட்டுப் படையைக் கண்டால் ஒரு நிமிடம் நின்று பார்ப்பது நல்லது. எரிந்த மண், உடைந்த எலும்பு, கல் சில்லு ஏதும் கலந்து கிடந்தால் அது வெறும் சுண்ணாம்புச் சாமான் அல்ல.

தோண்டுவது எங்கள் வேலை அல்ல, அதற்கு அனுமதியும் பயிற்சியும் வேண்டும். தோண்டாமலே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. லூயிஸ் பின்ஃபோர்ட் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் அலாஸ்காவுக்குப் போய், நுனாமியுட் மக்கள் காட்டுக் கலைமானை எப்படி வெட்டுகிறார்கள், எந்த எலும்பை எங்கே போடுகிறார்கள், எதை நாய்க்குக் கொடுக்கிறார்கள் என்று கூடவே இருந்து எழுதி, 1978இல் நூலாக்கினார். பழைய எலும்புக் குவியல்களை வாசிக்க உலகம் அதிலிருந்து நிறையக் கற்றது. அவர் நுனாமியுட் மக்களிடம் போனது அவர்கள் கற்கால மனிதர் என்பதால் அல்ல, வேட்டையையும் இறைச்சியையும் அறிந்த வல்லுநர்கள் என்பதால். இந்த வித்தியாசம்தான் எங்கள் சிநேகிதிக்கு முக்கியமாகப் பட்டது.

ஆகவே இப்போது எங்கள் வேலை இது. வாவிக்கரையிலும் வாகரைப் பக்கத்திலும் வயதான ஆக்களிடம் போய் உட்காருகிறோம். அத்தாங்கு எந்த மாதத்தில், எந்தத் தண்ணியில் போடுவது? மட்டி எடுக்கப் போகும் பெண்கள் எந்த அளவு மட்டியைத் திரும்பப் போட்டுவிடுவார்கள்? உடும்பைச் சுட்டால் எலும்பு எங்கே போகும்? பஞ்ச காலத்தில் எந்தக் கிழங்கு, அதை எத்தனை தரம் அவிக்க வேண்டும்? போர்க்காலத்தில் காட்டுக்குள் இருந்தபோது என்ன தின்றீர்கள்? கடைசிக் கேள்விக்குச் சிலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். சிலர் அதற்குத்தான் அதிக நேரம் பேசுகிறார்கள். அவர்கள் விருப்பப்பட்டதை மட்டும், அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுகிறோம். எங்கே பிரசுரித்தாலும் முதலில் அவர்களுக்கு வாசித்துக் காட்டுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

அவளின் அம்மம்மாவிடமும் போனோம். குரங்கு தின்றவர்களின் கதையை முழுசாய்ச் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "குட்டியோட நிண்டத எய்தாங்களாமா?"

பெரும்பாலும் இல்லை அம்மம்மா, வளர்ந்ததைத்தான் பார்த்து எய்தார்களாம் என்றோம்.

"அப்ப நல்ல ஆக்கள்தான்" என்று சொல்லிவிட்டு, கழுவி வைத்திருந்த மட்டியை அடுப்பில் ஏற்றினார்.